நாலிதழ்ப் பூ

கித்துல்கலைக் கடைவீதியில், மர்சூக்கின் புடவைக்கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஓரத்தில் நூலால் பின்னிய ரேந்தை வைக்காத துணியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. தலையணை உறைக்கு ரேந்தை, தண்ணீர்ப் பானையை மூடும் துணிக்கு ரேந்தை, கை துடைக்கிற துண்டுக்கு ரேந்தை. குர்ஆன் ஓதுகிற பலகைக்கு விரித்த துணியில் இருந்தால் சரி, ஒத்துக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணிக்குமா? நூரியாவைக் கேட்டால், "கரி பூசுற துணிதானே, அதுக்கும் ஒரு ஆசை ஈக்காதா?" என்பாள். ஒருநாள் கடையில் மர்சூக் மூக்கைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார். ஓரத்தில் தொங்கிய பூவேலையைக் கண்ட தோட்டத்துக் கங்காணி, "என்னங்க மொதலாளி, மூக்குக்கும் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுக்க மர்சூக் மூக்கை உறிஞ்சியே சமாளித்தார்.

நூரியா வெலிகாமத்துக்காரி. கடலோரத்துப் பெண்களுக்கு ரேந்தை பின்னுவது சோறு ஆக்குவது போல. வாக்கப்பட்டு இந்த மலைக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான்களில் முக்கியமானது ரேந்தைத் தலையணை. தலை வைக்கிற தலையணை அல்ல; தென்னந்தும்பு அடைத்து இறுக்கித் தைத்த உருளை, மரச்சட்டத்தில் சுழலும். புள்ளி குத்திய தடித்த காகிதத்தை அதன்மேல் சுற்றி, புள்ளிக்கொரு குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு, மாற்றி முறுக்கி, முறுக்கி மாற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கட்டைகளுக்குச் சிங்களத்தில் பீரளு என்று பெயர். நூரியாவும் அப்படித்தான் சொல்வாள். அவள் கையில் அவை கடகடவென்று பேசிக்கொண்டே இருக்கும். கடையில் இருக்கிற மர்சூக்குக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் பெண்சாதி எங்கேயோ போய்விட்டாள் என்று தெரியும்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அதற்குக் காரணம் அவளுடைய மதினி றுகையா, நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் மனைவி. நூரியாவை மலைநாட்டுக்குக் கட்டிக்கொடுத்த நாளில், சாமான் கட்டும்போது றுகையா ரேந்தைத் தலையணையைப் பார்த்துச் சொன்னாள்: "கித்துல்கலைக்குப் போறவளுக்கு இது என்னத்துக்கு? அட்டை கடிச்ச காலுக்குச் சுத்தவா?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். றுகையாவும் அதை அன்றோடு மறந்திருப்பாள். சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள், கேட்டவர்களுக்கு அல்லவா முள் தைத்திருக்கும். நூரியா அந்த முள்ளை எடுக்கவே இல்லை. கை துடைக்கிற துண்டுக்கெல்லாம் ரேந்தை வைத்தது யாருக்குக் காட்டவென்று இப்போது விளங்கியிருக்கும்.

காட்டுவதற்கு ஒரு நாளும் வந்தது. நூரியாவின் ஒரே மகள் ரஹ்மாவை றுகையாவின் மகன் நிலாமுக்குப் பேசி முடித்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து மணவறையைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதல்ல. கட்டிலில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ரேந்தையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிற வெலிகாமத்துப் பார்வை. அந்தப் பார்வைக்கு ஒரு புள்ளி இடம் கொடுக்கக் கூடாது என்று நூரியா முடிவெடுத்திருந்தாள்.

துணிக்கும் அதிர்ஷ்டம் வாய்த்தது. மேல்தோட்டத்துத் துரைசாணி லினன் துணி வரவழைக்கச் சொல்லிவிட்டு, அது வந்து சேர்வதற்குள் சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். அந்தத் துணி மர்சூக்கின் கையிலேயே தங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் குளிர்ந்திருந்தது. நூரியா அதை ஒரு கட்டில் விரிப்புக்கும் இரண்டு தலையணை உறைக்குமாக வெட்டி, ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்து வைத்துவிட்டு, ரேந்தையில் இறங்கினாள். அஞ்சிதழ்ப் பூ, நடுவில் ஒரு கண், பூவுக்கும் பூவுக்கும் இடையில் ஒரு கொடி. விரிப்பின் மூன்று பக்கமும் ஓட வேண்டும்.

அந்த வருஷம் வானம் ஏமாற்றிவிட்டது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற கித்துல்கலையில் களனி கங்கை வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. சனங்கள் கற்களில் தாவி அக்கரைக்கு நடந்தே போய் வேடிக்கை பார்த்தார்கள். ரஹ்மாவும் வாப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உம்மா, கங்கையில நான் கால் நனையாம நடந்தேன்!" என்று குதித்தாள். அந்தக் குட்டைகளில் கொசு பெருகிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

ரஹ்மா அப்படிப்பட்ட பிள்ளை. ஓரிடத்தில் உட்காராது. பேச ஆரம்பித்தால் பீரளு கையில் நின்றுவிடும். பீரளு ஓடினால் பேச்சு ஓடும், பூ கெட்டுவிடும். அவளுக்கு ரேந்தை வராமல் இல்லை, பொறுமைதான் வராது. தன் கல்யாண விரிப்பில் தானும் பின்ன வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் நூரியா, "நீ போய் வெங்காயம் உரி" என்று விரட்டிவிடுவாள்.

ஒருநாள் அடுத்த வீட்டில் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக நூரியா காலையில் போனவள் பிற்பகல் அஸர் தொழுகைக்குத்தான் திரும்பினாள். வந்து பார்த்தால் தலையணையில் ரேந்தை ஒரு சாண் நீண்டிருந்தது. ரஹ்மா கதவுக்குப் பின்னால் நின்று உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூரியா குனிந்து பார்த்தாள். முதல் பூ பரவாயில்லை. அடுத்தது கொஞ்சம் இளகி இருந்தது. மூன்றாவது பூவில் எங்கேயோ ஒரு முறுக்கு தவறி, அஞ்சு இதழ் வர வேண்டிய இடத்தில் நாலு இதழ்தான் வந்திருந்தது. அந்த நாலில் ஒன்று மட்டும் ரெண்டு இதழுக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு, சோறு கூடத் தின்ற பிள்ளையின் வயிறு போல உப்பிக்கொண்டு நின்றது.

"அது என்ட பூ, உம்மா," என்றாள் ரஹ்மா. "ஒண்டே ஒண்டுதானே. ஈக்கட்டும்."

"மாமி கண்டா என்ன செல்லுவா?"

"மாமிக்கிட்ட நானே செல்றேன், இது நான் பின்னினது எண்டு."

நூரியா சிரித்தாள். மகள் கிணற்றடிக்குப் போகும் வரை காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வந்த வழியே பீரளுகளைத் திருப்பித் திருப்பி, அந்த ஒரு சாணையும் அவிழ்த்துவிட்டாள். ரேந்தை அவிழ்ப்பது பின்னுவதைவிடச் சிரமம். ஆனால் அவள் கைக்கு அதுவும் தெரியும். ரஹ்மா ஈரத் தலையோடு வந்து நின்றபோது பூக்கள் இருந்த இடத்தில் வெறும் காகிதப் புள்ளிகள்தான் தெரிந்தன. சண்டை பிடிப்பாள் என்று நூரியா எதிர்பார்த்தாள். அவளோ தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்ப தைக்கிறதையாவது எனக்குத் தாங்க," என்றாள். "தையல் உள்ளுக்குத்தானே ஈக்கி. மாமிக்கு விளங்காது."

நூரியா சரி என்றாள். ரேந்தையைத் துணியோடு சேர்க்கும் தையல் பூவுக்குள் மறைந்துவிடும், அது என்னவோ உண்மை. சரியில்லை என்றால் பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவள் அவள், என்ன செய்வது?

நோன்பு பிறப்பதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் ஆற்றோரத்துச் சிங்கள வீடுகளில், பிறகு தோட்டத்து லயங்களில், பிறகு கடைவீதியில். நடுக்கிப் போட்டு, சுட்டுப் பொசுக்கி, வேர்த்து விடும். ஒருநாள் விட்டு மறுபடி வரும். அப்போதிக்கரி பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்து கொயினா மருந்துத் தண்ணீரைப் போத்தல் போத்தலாக ஊற்றிக் கொடுத்தார். காலையில் வரிசையில் நின்றவர்கள் மறுநாள் நிற்கவில்லை. மர்சூக்கின் கடையில் சீத்தையும் சேலையும் தூசி பிடித்துக் கிடக்க, வெள்ளைத் துணி மட்டும்தான் போனது. அவிசாவளையிலிருந்து துணி கொண்டுவரும் மாட்டுக் கரத்தைக்காரனும் காய்ச்சலில் விழுந்துவிட்டான். வெள்ளைத் துணிக் கட்டு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்தும் மர்சூக் வீட்டுக்கென்று ஒரு முழம் எடுத்து வைக்கவில்லை. வீட்டில் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கும்போது, இறந்தவரைச் சுற்றுகிற கபனுக்குத் துணி எடுத்து வைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

கடைசித் துண்டும் போன நாள் நூரியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மர்சூக் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. மேல்தோட்டத்துச் சுப்பம்மா பின்வாசலில் வந்து நின்றாள். ரப்பர் பால் எடுக்கிற பொம்பளை. எப்போதும் வாயில் வெற்றிலையும் பேச்சுமாக வருவாள். அன்று இரண்டும் இல்லை.

"மொதலாளியம்மா, மூத்த பய முத்துவீரன் போயிட்டாங்க," என்றாள். "கோடி போடணும். வெள்ளத்துணி இருக்குதுங்களா?"

நூரியா கடைக்குள் போய் மிச்சமிருந்த துணியைக் கொண்டுவந்து விரித்தாள். வழக்கமான அளவுக்குக் கத்தரிக்கோலை வைத்தபோது, ஜன்னலோரம் விரிப்பை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ரஹ்மா தலையை நிமிர்த்தினாள்.

"உம்மா, முத்துவீரன் நல்ல ஒசரம். கால் வெளியில தெரியும். எல்லாத்தையும் குடுங்க."

"ஆமாங்க," என்றாள் சுப்பம்மா, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "ஒசரமான புள்ளைங்க. லயத்து வாசல்ல குனிஞ்சுதாங்க வருவான்."

நூரியா வெட்டாமல் முழுத் துண்டையும் மடித்துக் கொடுத்தாள். சுப்பம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறிப் போனாள். ரஹ்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள்.

அந்த நாட்களில்தான் நூரியா மகளின் தையலைப் பார்த்தாள். விரிப்பின் தலைமாட்டுப் பக்கம் முடிந்து, பக்கவாட்டில் பாதி வரை வந்திருந்தது. கடைசியாகத் தைத்த பகுதியில் தையல் தாறுமாறாகத் துள்ளி ஓடியது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ரேந்தையையே பிடிக்காமல் வெறும் துணியில் விழுந்திருந்தது. நோன்பு வாய், வெயில் வேறு. நூரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன புள்ள இது? சாக்குத் தைச்சீக்கியா? கல்யாணம் ஒனக்கா, ஊராருக்கா? கையில கொஞ்சம் கவனம் வாணாமா?"

ரஹ்மா சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தாள் தாய். "பொறகு பிரிச்சித் தைங்க, உம்மா," என்று சொல்லிவிட்டு ரஹ்மா சிரித்தாள். தாயின் மனதில் இருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

நடுக்கம் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோன்பை விடச் சொல்வார்கள், கொயினாவைக் குடிக்கச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முந்தின நோன்பு, ஒன்றுகூட விடாமல் பிடிக்க வேண்டும் என்று அவள் தனக்குள் நேர்ந்துகொண்டிருந்தாள். நோயாளி நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்று மார்க்கமே இடம் கொடுத்திருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த வயதுக்கு யார் எடுத்துச் சொல்வது? எடுத்துச் சொல்வதற்கு முதலில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஓரத்தின் கடைசித் தையலையும் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, விரிப்பை மடித்து வைத்த அன்று, நோன்பு திறக்கிற நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தவள் அப்படியே பாயில் சரிந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நடந்தது. மர்சூக் அப்போதிக்கரியைக் கையோடு கூட்டிவந்தார். கொயினாவைப் புகட்டினார்கள், வாந்தியாக வந்தது, மறுபடி புகட்டினார்கள். பள்ளியிலிருந்து ஓதித் தண்ணீர் வந்தது. நூரியா ரேந்தைத் தலையணையைத் தொடவே இல்லை. கடையில் இருந்த மர்சூக் அந்த மௌனம் தாங்காமல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிதற்றலில் ரஹ்மா கங்கையைப் பற்றியே பேசினாள். "கால் நனையல்ல உம்மா, பாருங்க," என்றாள். பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்க, ஒரு காலையில், தாயின் கை அவள் நெற்றியில் இருக்கும்போதே சூடு இறங்க ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நூரியா சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தாள், பாவி.

மையத்துக் குளிப்பாட்டுகிற ஹபீலா வந்தாள். வயதான விதவை, ஊர்ப் பெண்கள் அக்கா என்ற முறையில் தாத்தா என்று கூப்பிடுகிறவள்; அந்தக் காய்ச்சலில் அவள் கையின் ஈரம் காயவே இல்லை. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, கபன் துணி எங்கே என்று கேட்டாள். மர்சூக் கடைவீதி முழுக்க ஓடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார். ஊருக்கெல்லாம் வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்த மனுஷன், தன் மகளுக்கு ஒரு முழம் இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். எட்டியாந்தோட்டைக்கு ஆள் அனுப்பலாம். ஆனால் அங்கே மட்டும் இருக்கும் என்பது என்ன நிச்சயம்? பிள்ளையை எவ்வளவு நேரம் வைத்திருப்பது?

நூரியா எழுந்து போனாள். பெட்டியைத் திறந்து கல்யாண விரிப்பையும் தலையணை உறைகளையும் எடுத்துவந்து ஹபீலாவின் முன்னால் வைத்தாள்.

ஹபீலா ரேந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "கபனுக்கு அலங்காரம் கூடாது, புள்ள," என்றாள் மெதுவாக.

"தெரியும் தாத்தா. எடுத்துத் தாரேன்."

"கத்தரிக்கோலால ஓரத்தோட வெட்டிப் போடு. லேசா முடிஞ்சிரும்."

நூரியா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த ரேந்தையில் இருக்கிற ஒவ்வொரு பூவும் அவள் பின்னியது. ரஹ்மா பின்னிய ஒரு சாணையும் அவள்தான் அவிழ்த்துப் போட்டாள். ரஹ்மாவின் கை பட்டதென்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தத் தையல் மட்டும்தான். ஓரத்தோடு வெட்டினால் துணியும் ரேந்தையும் தையலுமாக அப்படியே கிடைக்கும். பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், நினைத்தபோது எடுத்துத் தடவிப் பார்க்கலாம்.

"அப்ப ஓரத்தோடயே வெட்டுறேன் தாத்தா," என்றாள் அவசரமாக. "வெட்டலாந்தானே? துணி காணும்தானே?"

ஹபீலா விரிப்பைச் சாணால் அளந்தாள். ரஹ்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அளந்தாள். "பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு துண்டு எடுக்கணும்," என்றாள். "ஓரத்தை வெட்டினா கால்மாட்டுல ஒரு கை அளவு துணி கொறஞ்சிரும். மடிப்பையும் பிரிச்சி எடுத்தாத்தான் கால் மூடும்."

நூரியா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

ஊசியை எடுத்துக்கொண்டு, மகள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். தலைமாட்டுப் பக்கத்துத் தையல்கள் வந்தன. பொடிப்பொடியாக, ஒரே சீராக, பூவின் கண்ணுக்குள் ஒளிந்துகொண்டு. நூரியா ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இது தன் தையலைவிட நேர்த்தி. பொறுமையில்லாத பிள்ளை எவ்வளவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைத் தைத்திருக்க வேண்டும்! தாய் ஒருநாளும் பிரிக்கக் கூடாது என்றுதானே இப்படித் தைத்திருக்கிறாள்.

பக்கவாட்டுக்கு வந்தாள். கொஞ்ச தூரம் அதே சீர். பிறகு ஒரு தையல் மட்டும் நீண்டது. அடுத்து இரண்டு சரி. பிறகு மறுபடி ஒன்று கோணியது. பிறகு அந்தத் துள்ளல், தாறுமாறு, வெறும் துணியில் விழுந்த குத்து. அதற்கப்புறம் ஒரு விரல்கடை நன்றாக இருந்தது. காய்ச்சல் விட்ட நாளாக இருக்கும். மறுபடியும் துள்ளல். ரேந்தைக்காரியின் கண் அது; எந்த நூல் எந்தக் கையில் எப்படி இழுபட்டது என்று அதற்குத் தெரியும். அன்றைக்கும் அதே கண்தானே இதைப் பார்த்தது? பார்த்துவிட்டு, கவனமில்லை என்றது, சாக்குத் தைத்தாயா என்று கேட்டது. நடுங்குகிற கையால்தான் இப்படித் தைக்க முடியும் என்று அதற்கு ஏன் தெரியாமல் போயிற்று? கன்னத்தை ஒருமுறை தொட்டிருந்தால் போதுமே. துணியைத் தொட்டாள், பிள்ளையைத் தொடவில்லை.

"யா அல்லாஹ்," என்று நூரியா வாய்விட்டுக் கதறினாள். "புள்ளட கை நடுங்கினதுக்கு நான் ஏசினேனே. ஏசினேனே தாத்தா."

ஹபீலா வந்து ஊசியை வாங்கப் பார்த்தாள். நூரியா கொடுக்கவில்லை. கண்ணீர் துணியில் படாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, கடைசித் தையல் வரை பிரித்தாள். பிறகு அகல மடிப்பையும் பிரித்து நீவி விட்டாள். ரேந்தை தனியாகச் சுருண்டு தரையில் விழுந்தது. துணியின் ஓரம் நெடுக ஊசி போன பொட்டுத் துவாரங்கள் மட்டும் இருந்தன. அவற்றைக் கழுவினாலும் நீவினாலும் போக்க முடியாது. ஹபீலாவும் போக்கச் சொல்லவில்லை.

துணி சரியாகப் போதுமானதாக இருந்தது. ரஹ்மாவின் கால் வெளியில் தெரியவில்லை.

பெருநாள் முடிந்து, கல்யாணத்துக்கென்று குறித்திருந்த நாளுக்கு ஒட்டினாற்போல றுகையா துக்கம் விசாரிக்க வந்தாள். நானாவும் நிலாமும் மர்சூக்கோடு முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே வந்து நூரியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய் அழுகை அல்ல. அவளுக்கும் அது மருமகளாக வரவிருந்த பிள்ளை, கையில் தூக்கி வளர்த்த நாத்தனார் பிள்ளை. அழுது ஓய்ந்தபின், பெட்டிமேல் சுருட்டி வைத்திருந்த ரேந்தையைக் கண்டாள். பழக்க தோஷம், கை தானாகப் போய் எடுத்துவிட்டது. விரித்து, திருப்பிப் பின்பக்கம் பார்த்து, விரலால் தடவித் தடவி, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் போனாள்.

"நூரியா," என்றாள். "எங்கட வெலிகாமத்துலயும் இப்படி ஒரு ரேந்தை நான் கண்டதில்ல. ஒரு பூவுலயாச்சும் தப்பு ஈக்கா எண்டு பாத்தேன். இல்லவே இல்ல."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை! நூரியா அதைக் கேட்டுவிட்டு றுகையாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஈந்திச்சி மதினி," என்றாள். "நாலு இதழ்ல ஒரு பூ ஈந்திச்சி. நான்தான் அவுத்துப் போட்டேன்."

றுகையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் நூரியாவுக்குத் தெம்பில்லை. ரேந்தையைச் சுருட்டி அவள் கையிலேயே வைத்து, நிலாமுக்கு வேறெங்காவது பெண் எடுக்கும்போது வைத்துத் தையுங்கள் என்று கொடுத்துவிட்டாள். றுகையா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். பிரித்தெடுத்த நூல் துண்டுகளை நூரியா யாருக்கும் காட்டவில்லை. நெளிந்து நெளிந்து கிடந்த அந்த ஒரு பிடி நூலை மர்சூக்கின் லேஞ்சி ஒன்றில் முடிந்து, ஓதுகிற பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு ஒரு பிற்பகலில், கடையில் இருந்த மர்சூக்குக்குப் பீரளுச் சத்தம் கேட்டது. கடகடவென்று ஓடுகிற பழைய சத்தம் அல்ல. கொஞ்சம் ஓடும், நிற்கும், பிறகு குண்டூசி பிடுங்குகிற ஓசை, மறுபடி ஓடும். அவர் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். நூரியா ரேந்தைத் தலையணையின் மேல் குனிந்திருந்தாள். ஒரு பூவைப் பின்னி முடித்தாள், உற்றுப் பார்த்தாள், அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள், அவிழ்த்தாள்.

"என்ன செய்ற, நூரியா?"

"எந்த இடத்துல முறுக்கை விட்டா எண்டு தெரியல்லயே," என்றாள் அவள், தலை நிமிராமல். "அவட பூவை ஒருக்கா பின்னிப் பாக்கணும். கை விடுதில்ல."

மர்சூக் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ரேந்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நூரியா ஒரு முறுக்கை வேண்டுமென்றே தவற விட்டாள். பூ சிதைந்து ஓட்டையாயிற்று, அது ரஹ்மாவின் பூ அல்ல. வேறொரு இடத்தில் விட்டுப் பார்த்தாள். விரல்கள் அவளைக் கேளாமல் அடுத்த புள்ளியில் அதைச் சரிசெய்துவிட்டன. பொழுது சாயும் வரை இருந்து பார்த்தாள். ஒவ்வொரு பூவும் அஞ்சு இதழோடு, அப்பழுக்கில்லாமல் வந்துகொண்டே இருந்தது.